பெர்குரின் மகள்

ஈசஃபியோர்டுர்
18 ஜனவரி 1998

மதிப்பிற்குரிய பெர்குர் அவர்களுக்கு,

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மூன்றாவது பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திடவும். எதையும் படிக்காமல் கையெழுத்திடுவது உங்கள் வழக்கம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

இது பெயர் மாற்றுவதற்கான படிவம். இதுவரை நான் ஸ்டெய்னுன் பெர்க்ஸ்டோட்டிர், அதாவது பெர்குரின் மகள். இனி ஸ்டெய்னுன் ஆஸ்தீசர்டோட்டிர், ஆஸ்தீஸின் மகள். தாயின் பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி செல்லும். நூலகத்தில் சட்டப் புத்தகத்தை எடுத்து நானே படித்தேன். எனக்குப் பதினெட்டு வயது ஆகாததால் பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டுமாம். படிவத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பெற்றோர்தான்.

மே 31, பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று தேவாலயத்தில் எனக்குத் திடப்படுத்தல் சடங்கு. பாதிரியார் ஸ்வன்ஹில்டுர் ஒவ்வொருவரையும் முழுப் பெயர் சொல்லிப் பீடத்துக்கு அழைப்பார். அதற்கு முதல் நாள் எல்லோருடைய பெயரும் முகவரியும் செய்தித்தாளில் வரும். எங்கள் பட்டியலை மே மாதத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள் என் பெயர் மாறியிருக்க வேண்டும்.

காரணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. போன வருடம் மார்ச் மாதம் பள்ளியில் வாசிப்புப் போட்டி நடந்தது. நான் மூன்று வாரம் சலவை அறையில் நின்று, துணி உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி வாசித்துப் பழகினேன். மேடையில் இரண்டாவது பத்திக்கு வந்தபோது கதவு திறந்தது. நீங்கள் அன்று காலைதான் கப்பலிலிருந்து இறங்கியிருந்தீர்கள். வீட்டுக்கு வராமல் வேறு எங்கோ போய்விட்டு அங்கே வந்தீர்கள். "பெர்க்ஸ்டோட்டிர்டா. கேட்டுக்குங்க எல்லாரும். பெர்க்ஸ்டோட்டிர். பெர்க்ஸ்டோட்டிர்." மூன்று முறை. நடுவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். அம்மா எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். நான் மிச்சத்தையும் வாசித்தேன். மதிப்பெண் பட்டியலில் எனக்குப் பின்னால் ஒரே ஒருவன்தான் இருந்தான், அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் நீங்கள் குடித்தீர்கள். செப்டம்பரில்தான் சிகிச்சைக்குப் போனீர்கள், அதுவும் அம்மா உங்கள் பையை வாசலில் வைத்த பிறகு. இங்கே என் வகுப்பில் ஓர்வார் என்று ஒருவன் இருக்கிறான். என்னைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி, "பெர்க்ஸ்டோட்டிர்டா" என்கிறான். உங்கள் குரல் அவனுக்கு நன்றாகவே வருகிறது.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தொலைபேசி நடைவழியில் இருக்கிறது, யார் என்ன பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள். தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்டெய்னுன்


அக்குரேரி
29 ஜனவரி 1998

அன்புள்ள ஸ்டெய்னுன்,

உன் கடிதம் நேற்று வந்தது. படிவத்தை முழுவதும் படித்தேன். கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.

நீ கேட்பது நியாயம். நான் சொல்ல எதுவும் இல்லை. ஆஸ்தீஸ் நல்ல பெயர்.

இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. குடியை விட்ட ஐந்து பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். அறுபத்திரண்டு பேருக்குச் சமைக்கிறேன். கப்பல் சமையலறைபோல் தரை ஆடுவதில்லை, சூப் பாத்திரத்திலேயே நிற்கிறது. அதற்கு இன்னும் பழகவில்லை.

அங்கே இரண்டு மாதம் கழித்து மலைக்கு மேல் சூரியன் திரும்பியிருக்கும். சின்னவள் இல்வாவுக்கு என் முத்தம்.

பெர்குர்


ஈசஃபியோர்டுர்
7 பிப்ரவரி 1998

பெர்குருக்கு,

என் கடிதம் 28ஆம் தேதி உங்களுக்குக் கிடைத்தது. 29ஆம் தேதி கையெழுத்திட்டுவிட்டீர்கள். ஒரே நாள்.

பழைய ஜீப்பை விற்றபோது பின் டயர்கள் இரண்டும் புதியவை, அவற்றுக்குத் தனி விலை என்று அந்த மனிதரோடு மூன்று வாரம் வாக்குவாதம் செய்தீர்கள். நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டயருக்கு மூன்று வாரம், எனக்கு ஒரு நாள். சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டை வந்து இறங்கினால் இப்படித்தான் கையெழுத்திடுவீர்கள் போலிருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறைகூட இருக்கிறது.

நான் கேட்டதைத்தானே செய்தீர்கள், பிறகு ஏன் இந்தக் கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை.

சூரியன் திரும்பியது 25ஆம் தேதி. மலை முகட்டுக்கு மேல் கால் மணி நேரம் தெரிந்தது. வழக்கம்போல் அதை வரவேற்க வீட்டில் சூரியக் காப்பியும் அப்பமும். இந்த வருடம் அம்மா சுட்டாள். எல்லாம் கிழிந்தன. இல்வாவுக்கு ஆறு வயதாகியும் எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரியவில்லை. "அப்பா சுட்டா கிழியாது" என்றாள். அம்மா அடுத்ததை இன்னும் தடிமனாக ஊற்றினாள்.

படிவம் வந்த அன்று அம்மா இறால் தொழிற்சாலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும் முன்பே அவள் முன்னால் வைத்தேன்.

"அவர் போட்டுட்டார்மா. நீயும் போடு."

"வை அங்க."

"எப்ப போடுவ?"

அவள் படிவத்தை எடுத்து உங்கள் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஏன்டி, வெளியில மழைன்னா எடுத்து மாட்டிக்கறதுக்கு என் பேர் என்ன மழைக்கோட்டா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"ஆஸ்தீஸோட பொண்ணா இருக்கணும்னு உனக்கு ஆசையா இருந்தா இப்பவே போடறேன். பெர்குரோட பொண்ணா இருக்கக் கூடாதுங்கறதுக்காகன்னா போட மாட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்ல."

படிவம் இப்போது கரண்டி வைக்கும் இழுப்பறையில் இருக்கிறது. ஒருவர் கேட்டதும் கொடுத்துவிடுகிறார், இன்னொருவர் தரவே மாட்டேன் என்கிறார். இரண்டு பேருமே நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள், நான்தான் இடையில் கெட்டவள் ஆகிவிட்டேன். இது அநியாயம்.

உங்களுக்குக் கோபமே வரவில்லையா? வரவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். பன்னிரண்டு வரி போதாது.

ஸ்டெய்னுன்


அக்குரேரி
21 பிப்ரவரி 1998

அன்புள்ள ஸ்டெய்னுன்,

எங்கள் வீட்டில் சிக்வால்டி என்று ஒருவன் இருக்கிறான். முன்பு படகுத் தலைவன். மூன்று மனைவிகள் அவனை விட்டுப் போயிருக்கிறார்கள். என்னை ஒருத்திதான் துரத்தினாள், அதனால் அவன் சொல்வதை நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் முதல் கடிதத்தைக் காட்டினேன். "ரெண்டு வருஷத்துக்கு உனக்குன்னு ஒரு கருத்தும் கிடையாதுடா. கேட்டதைக் குடு, வாயை மூடு" என்றான். மூடினேன். நீ அனுப்பிய உறையில் போன கடிதம் ஆறாவது. முதல் ஐந்தை அடுப்பில் போட்டேன்.

நீ சண்டை கேட்கிறாய். சரி.

பதின்மூன்று வயதுப் பெண் தகப்பனுக்குப் படிவம் அனுப்புவாளா? 'படிவத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பெற்றோர்தான்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று வெங்காயம் தேவைப்படாத சமையலுக்கு ஒரு கூடை வெங்காயம் நறுக்கினேன். முதியவர்கள் மூன்று நாள் வெங்காய சூப் குடித்தார்கள். நீ பிறந்த வாரம் கப்பலைத் துறைமுகத்துக்குள் விட முடியாத புயல். நான் வெளியே கடலில் நின்றுகொண்டு வானொலியில்தான் கேட்டேன், பெண் குழந்தை, நாலு கிலோ என்று. கப்பலில் இருந்த பதினான்கு பேரும் கேட்டார்கள். பதினான்கு பேருக்கும் நான் இனிப்பு ரொட்டி சுட்டேன், கப்பல் ஆடிய ஆட்டத்தில் பாதி மாவு என் மேல்தான் கிடந்தது. என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள். உன் மூக்கு என் மூக்கு. எதற்கும் மூன்று காரணம் சொல்லும் அந்த வாயும் என்னுடையதுதான், நான் டயருக்கு உபயோகித்தேன், நீ சட்டத்துக்கு உபயோகிக்கிறாய். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் கொடுத்தாலும் இது மாறாது. எனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்கிறாய். வந்தது. உன் மேல், உன் அம்மா மேல், அந்தச் சட்டத்தை எழுதியவன் மேல்.

இவ்வளவையும் எழுதி இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன். இன்று அனுப்புவதற்கு முன் உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்று நான் என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. நீ எழுதிய பிறகுதான் தெரியும். 'பெர்க்ஸ்டோட்டிர்' என்று மூன்று முறை. ஸ்டெய்னுன் என்று ஒரு முறைகூட இல்லை.

மேடையில் நின்றவள் நீ. நான் என் பெயரைக் கத்திவிட்டு வந்திருக்கிறேன்.

மேலே எழுதிய சண்டையைக் கிழிக்கவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக அப்படியே வைக்கிறேன். ஆனால் அதன் அடியில் இதையும் சேர்த்துப் படி.

பெர்குர்


ஈசஃபியோர்டுர்
8 மார்ச் 1998

பெர்குருக்கு,

அந்தக் கடைசிப் பகுதியை எட்டு முறை படித்தேன். நான்தான் அதை முதலில் கவனித்திருக்க வேண்டும். மூன்று முறை என்று எண்ணத் தெரிந்தவளுக்கு எதை எண்ணுகிறோம் என்று தெரியவில்லை. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

ஆனால் புரிந்துகொள்வது வேறு, மன்னிப்புக் கேட்பது வேறு. நீங்கள் முதலாவதை மட்டும்தான் செய்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அழகாகப் புரிந்துகொண்டுவிட்டு மன்னிப்பை மறந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எதிர்பார்க்கிறேன்.

இங்கே திடப்படுத்தல் வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது. "ஞானஸ்நானத்தப்ப உங்களுக்காக மத்தவங்க 'ஆமா' சொன்னாங்க. இப்ப நீங்களே சொல்லப் போறீங்க" என்றார் ஸ்வன்ஹில்டுர்.

நான் கையைத் தூக்கினேன். "வேண்டாம்னு சொல்லலாமா?"

"தாராளமா. பிடுங்கி வாங்கற 'ஆமா' எனக்கெதுக்கு?"

"அப்ப பேரு? அதையும் நம்மளைக் கேக்காமத்தானே வச்சாங்க?"

பாதி வகுப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது. ஊரில் எல்லோருக்கும் படிவத்தைப் பற்றித் தெரியும், அம்மா தொழிற்சாலையில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

"அது உங்க வீட்டு விஷயம்" என்றார் பாதிரியார். "நான் என் வேலையை மட்டும் சொல்றேன். கோவமா வந்து 'வேண்டாம்'னு சொல்றவங்களை ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்வேன். சந்தோஷமா வந்து 'ஆமா' சொல்றவங்களையும் அப்படியே திருப்பி அனுப்புவேன்."

அப்போது பின்னாலிருந்து ஓர்வார் மெதுவாக, உங்கள் குரலில், "பெர்க்ஸ்டோட்டிர்டா" என்றான். நான் எழுந்து போய் ஞானப்பாட்டுப் புத்தகத்தால் அவன் தலையில் அடித்தேன். கெட்டி அட்டை. இரண்டு செவ்வாய்க்கிழமைகள் தேவாலயத்தின் மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துடைக்க வேண்டும் என்று தண்டனை. அவனுக்கும் அதே தண்டனை. நாங்கள் ஆளுக்கொரு மூலையில் பேசாமல் துடைத்தோம். இரண்டாவது வாரம் அவன் சொன்னான், "எங்கப்பாவும்தான் குடிக்கிறாரு. ஆனா வீட்டுக்குள்ளயே." அதற்கு என்ன சொல்வது என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இல்வாவிடம் நான் பெயர் மாற்றப் போவதைச் சொல்லியிருக்கக் கூடாது. "நான் மட்டும் தனியா பெர்க்ஸ்டோட்டிரா இருக்க மாட்டேன். நீ மாத்தினா நானும் இல்வா இல்வாடோட்டிர்னு மாத்திக்குவேன்" என்று அழுகிறாள். தனக்குத் தானே மகளாக முடியாது என்று விளக்கினேன். ஏன் முடியாது என்று கேட்கிறாள்.

விருந்துக்கு யாரை அழைப்பது என்பதை நானே முடிவு செய்யலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பட்டியல் எழுதியிருக்கிறேன். உங்கள் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அது கேள்விக்குறி மட்டும்தான். தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம்.

ஸ்டெய்னுன்


அக்குரேரி
5 ஏப்ரல் 1998

ஸ்டெய்னுன்,

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நான் குடித்துவிட்டேன். போன வாரம் வியாழக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை. சமையலறை வேலை போய்விட்டது. இந்த வீட்டிலும் இனி இருக்க முடியாது. நாளை மறுநாள் தெற்கே மறுபடி சிகிச்சைக்குப் போகிறேன். சிக்வால்டி பேருந்து நிலையம் வரை கூட வருகிறான், நான் உண்மையில் ஏறுகிறேனா என்று பார்க்க.

உன் கடிதம்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதே. உண்மைக் காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், அல்லது கத்துவாய். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வியாழக்கிழமை பழைய கப்பல்காரன் ஒருவனைத் துறைமுகத்தில் பார்த்தேன். அவனிடம் காட்டினேன். "இது கொண்டாட வேண்டிய விஷயமாச்சேடா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொண்டாடுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரே ஒரு பியர் என்று உட்கார்ந்தேன்.

அந்த மன்னிப்பைக் கேட்கிறேன். வாசிப்புப் போட்டிக்கும், ஓர்வாருக்கும், அம்மா வாசலில் வைத்த அந்தப் பைக்கும், இப்போது இதற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

கேள்விக்குறியை அழித்துவிடு. அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் பட்டியலைக் கொடு. நல்ல பெயரோடு பீடத்துக்குப் போ.

பெர்குர்


ஈசஃபியோர்டுர்
14 ஏப்ரல் 1998

அப்பா,

ஒரு கேள்விக்குறிக்கே நான்கு நாள் என்றால், அழைப்பிதழ் அனுப்பியிருந்தால் துறைமுகத்தையே குடித்திருப்பீர்கள்.

எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத முடியவில்லை. பேனா மூன்று இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது, பார்த்தாலே தெரியும். மகிழ்ச்சியாக இருந்தால் உட்கார்ந்து ஒரு அப்பம் சுட்டிருக்கலாமே. அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே. இல்லையென்றால் எனக்கு எழுதியிருக்கலாம். நான் இருக்கிறேனே. என்னைப் பற்றிய மகிழ்ச்சியை என்னிடம் சொல்லாமல் யாரோ ஒரு கப்பல்காரரிடம் போய்ச் சொன்னீர்கள். முன்பும் அப்படித்தான் செய்தீர்கள். உங்களுக்கு என்னைப் பற்றிப் பெருமை வரும்போதெல்லாம் நான் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பிள்ளைக்காவது இப்படி நடக்குமா?

'நல்ல பெயரோடு பீடத்துக்குப் போ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? எது நல்ல பெயர் என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை ஒதுக்கிவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

"பேனாவைக் குடு. போடறேன்."

"மழைக்கோட்டுன்னு சொன்னே?"

"சொன்னேன். இப்பக் கொட்டுது. மாட்டிக்கோ."

பேனா என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்வது எனக்குப் பிடிக்காது. அம்மா கொஞ்ச நேரம் கையை நீட்டியபடி நின்றுவிட்டு, அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு சலவை அறைக்குப் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இதுவரை உங்களைப் பற்றிய எல்லாவற்றையும் நான் வேறு யாராவது சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கடையில் பேச்சை நிறுத்திக்கொள்ளும் பெண்கள், பள்ளி நடைவழி, ஒருமுறை பல் வைத்தியர்கூட. நீங்கள் செய்த ஒன்றை நீங்களே எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை. இதற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. கவனித்தேன் என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். நானாக எழுதும்வரை.

ஸ்டெய்னுன்


சிகிச்சை இல்லம்
30 மே 1998

அன்புள்ள ஸ்டெய்னுன்,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். ஆறு வாரத்துக்கு மேல் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஒரு தவறு நடந்திருக்கிறது.

காலையில் செய்தித்தாள் வந்தது. இங்கே பதினெட்டுப் பேருக்கு ஒரே தாள். இன்று நாடு முழுவதிலுமிருந்து திடப்படுத்தல் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளைத் தேடுகிறார்கள். எனக்கு முறை வந்தபோது உங்கள் தேவாலயத்தைக் கண்டுபிடித்து 'ஆஸ்தீசர்டோட்டிர்' என்று தேடினேன். இல்லை. மேலிருந்து மறுபடி வந்தேன். ஸ்டெய்னுன் பெர்க்ஸ்டோட்டிர் என்று போட்டிருக்கிறது. நம் தெருவின் பெயரும் வீட்டு எண்ணும்.

பாதிரியார் பழைய பட்டியலை அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. அல்லது எண்ணெய்க் கறையால் என் கையெழுத்து செல்லவில்லையா? படிவம் திரும்பி வந்துவிட்டதா? அப்படியென்றால் புதியது ஒன்று அனுப்பு, சுத்தமான மேஜையில் வைத்துக் கையெழுத்திடுகிறேன். நாளை தேவாலயத்தில் படிக்கும்போதாவது சரியாகப் படிக்கச் சொல். இந்தக் கடிதம் நாளைக்குள் உன்னிடம் வராது என்று தெரியும். தொலைபேசி வேண்டாம் என்றாய், அதனால் எழுதுகிறேன்.

நான் யாரிடமும் தாளைக் காட்டவில்லை. மடித்து மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே ஐம்பத்துமூன்று நாள் ஆகிறது.

அப்பா


ஈசஃபியோர்டுர்
6 ஜூன் 1998

அப்பாவுக்கு,

தவறு எதுவும் நடக்கவில்லை. ஸ்வன்ஹில்டுர் பட்டியலில் ஒரு எழுத்துக்கூடப் பிசக மாட்டார். செய்தித்தாளில் வந்ததைத் தவறு என்று நினைக்க உங்களால்தான் முடியும்.

மே இரண்டாம் தேதி அவர் பேனாவோடு உட்கார்ந்து கேட்டார், "சொல்லு, எந்தப் பேரை எழுதட்டும்?" நான் சொன்னேன். "கோவத்துல சொல்றியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஒரு வாரம் கழிச்சு வா." ஒரு வாரம் கழித்துப் போனேன். கோபம் அப்படியே இருந்தது, பெயரும் அப்படியே இருந்தது. எழுதிக்கொண்டார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாக எதையாவது கற்பனை செய்துகொள்ளும் முன். நான் அந்தப் பெயரை விட்டுவிட்டால் அது அந்தப் பள்ளி ஹாலிலேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடுவார்கள். அது என்னுடையது. எழுதத் தெரிந்த நாளிலிருந்து என் நோட்டுப் புத்தகங்களிலும் நூலக அட்டையிலும் நான்தான் அதை எழுதியிருக்கிறேன், உங்களைவிட அதிகம் உபயோகித்திருக்கிறேன். உங்கள் தவறுக்காக நான் ஏன் என் பொருளை இழக்க வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் திருந்திவிட்டதால் நான் இந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் திருந்தவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒழுங்காக இருக்கும்போது அப்பா, குடித்தால் அப்பா இல்லை என்றால் அது பெயர் இல்லை, மதிப்பெண். மதிப்பெண் போடுவது எனக்குப் பிடிக்கும், உங்களுக்குத் தெரியும். ஆனால் இதற்கு அது பொருந்தவில்லை. நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இது மன்னிப்பு இல்லை. மன்னிப்பை நீங்கள் தனித்தனியாகக் கேட்டீர்கள், நானும் தனித்தனியாகத்தான் தருவேன். ஓர்வாருக்கானதை மட்டும் இப்போது தந்துவிடுகிறேன், ஏனென்றால் அவன் அதை நிறுத்திவிட்டான். மற்றவை நிலுவையில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக நடந்தது. வெள்ளை அங்கி எனக்குக் கொஞ்சம் நீளம், படியில் ஒருமுறை தடுக்கியது. என் பெயரைப் படித்தபோது அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போனேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா விருந்துக்கு ஆட்டுத் தொடையும் மூன்று அடுக்குக் கேக்கும் செய்திருந்தாள். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். இல்வா கேக்கின் மேலிருந்த பாதாம் இனிப்பு ரோஜாக்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு என் புது உடையில் வாந்தி எடுத்தாள். உங்களுக்கு நாற்காலி போடவில்லை. ஆனால் அம்மா உள்ளங்கை அளவு பெரிய துண்டு ஒன்றை வெட்டி, தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்ததைப் பார்த்தேன். யாருக்கு என்று கேட்டேன். "கேக்கு மிச்சமாச்சு, வச்சேன்" என்றாள். மிச்சம் எதுவும் ஆகவில்லை.

இந்த வீட்டின் வாடகை எங்களுக்கு அதிகமாக இருப்பதால் பதினைந்தாம் தேதி மாறுகிறோம். துறைமுகத்துக்கு மேலே, இரண்டாவது மாடி. சலவை அறை பொது. புது முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் அங்கிருந்து உங்களை வெளியே விட்டால், பகலில், விமானத்தில், பேசிவைத்துக்கொண்டு வரலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "பகல்ல வரட்டும்" என்றாள்.

கதவில் பெயர் இல்லாதவர்களுக்குத் தபால்காரர் கடிதம் போட மாட்டார் என்பதால் நேற்றே போய் அட்டை எழுதி ஒட்டினேன். முதல் வரி ஆஸ்தீஸ் கெட்டில்ஸ்டோட்டிர். அதன் கீழே ஸ்டெய்னுன் பெர்க்ஸ்டோட்டிர், இல்வா பெர்க்ஸ்டோட்டிர். உங்களுக்கென்று தனி வரி கிடையாது. வரும்போது அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று வாக்குவாதம் செய்யக் கூடாது. மணியை ஒருமுறை அடித்தால் போதும்.

ஸ்டெய்னுன்